நாற்காலி போட்ட இடம்

நாற்காலியைப் போட்டாயிற்று. இரண்டு மணி நேரம் பனி அள்ளிச் சுத்தம் செய்த இடத்தின் நட்டநடுவில், ஒரு கார் நிற்கும் அளவுக்கான கறுப்புத் தரையில், தெருவைப் பார்த்த மாதிரி போட்டாயிற்று. இனிக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் நாச்சிமுத்து காரில் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்ட பிறகு, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கண்ணாடியில் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையும் வெள்ளையுமாக நாடா பின்னிய, மடக்குகிற அலுமினிய நாற்காலி. யாரோ அதில் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து உள்ளே போனது போல இருந்தது. மணி பத்தே கால். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் வசந்தாமணியை அனுப்பிவிடுவார்கள். இதயத்தில் ஒரு வால்வை மாற்றிப் பதினொரு நாள் ஆகிறது. பத்தடி நடக்கலாம், பிறகு உட்கார வேண்டும், மூச்சு சீரானதும் இன்னொரு பத்தடி, சரிவு கூடாது, வழுக்கல் கூடவே கூடாது என்று நர்ஸ் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தெருவோ ஏணியைச் சாய்த்துப் போட்ட மாதிரி ஒரு தெரு. எந்த வீட்டுக்கும் கார் கொட்டகை கிடையாது. இந்த இடம் போய்விட்டால் அடுத்த இடம் மலையடிவாரத்தில், டிராம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான். நடுத்தெருவில் நிறுத்தி இறக்கிவிடலாம் என்றால், பனி ஒதுக்கும் லாரி இரண்டு ஓரத்திலும் இடுப்பளவுக்கு வாரி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. மார்பெலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறவளை அதற்கு மேல் எப்படித் தூக்கி வைப்பது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் சொன்னாள், கையில் ஊசி குத்தின இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "வந்து பாப்பமுங்க. காருலருந்து எறங்கி நானா நடந்து வூட்டுக்குள்ள போயிட்டேன்னா இங்கியே இருந்துக்கலாம். முடியிலின்னா நம்ம புள்ள இனியா சொல்றாப்புல டல்லாசுக்கே போயிரலாம். தர தட்டையா இருக்குதாமா." அவ்வளவுதான் பேச்சு. இருபத்திரண்டு வருடத்தை அவள் பத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, இந்த ஊரில் அடிக்க மாட்டார்கள், நின்று காத்திருந்தது. அதற்கே நாச்சிமுத்துவுக்குக் கூச்சமாகப் போய் காலை எடுத்தார். கார் சரிவில் மெல்ல இறங்க, கண்ணாடியில் நாற்காலி மேலே மேலே போய் மறைந்தது. இருக்குமா. மதியம் வரைக்கும் இருக்குமா. பிட்ஸ்பர்க்கில் இது எங்கும் எழுதி வைக்காத சட்டம்: பனி அள்ளினவனுக்கே இடம், அதற்கு அடையாளம் ஒரு நாற்காலி, போட்டுவிட்டுப் போனால் யாரும் தொட மாட்டார்கள். போலீஸ்காரர்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஆனால் அது இந்த ஊர்க்காரர்கள் போடும் நாற்காலிக்கு. ஸ்டீல் ஆலையில் தாத்தா வேலை பார்த்தவர்கள் போடும் நாற்காலிக்கு. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்தவன் போட்டாலும் அது நாற்காலிதானா, இல்லை வெறும் தட்டுமுட்டுச் சாமானா. இத்தனை குளிர்காலத்தில் ஒரு தடவைகூட அவர் போட்டுப் பார்த்ததில்லை. பொதுத்தெருவை நம்முடையது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்று கொள்கை மாதிரி சொல்லிக்கொண்டு, அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்திருக்கிறார். கொள்கையா அது. பயம். போட்டு, அதை எவனாவது ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வண்டியை விட்டுவிட்டால், அப்புறம் இந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்கிற பயம். அதோடு இன்னொரு பயமும் இருந்தது. அது இந்தக் குறிப்பிட்ட நாற்காலியைப் பற்றியது.

வேறு நாற்காலியே இல்லையா வீட்டில். காலையில் முதலில் ஆபீஸ் அறையிலிருந்த சுழல் நாற்காலியைத்தான் கொண்டுவந்தார். வைத்த கையை எடுத்ததும் அது கம்பீரமாகத் திரும்பி, சக்கரம் தடதடக்க, சரிவில் இறங்க ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டிதான் அதைத் தடுத்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலி பர்மாத் தேக்கு. அதைப் பனியில் போட்டால் வசந்தாமணிக்கு இன்னொரு வால்வும் போய்விடும். பிளாஸ்டிக் முக்காலி காற்றுக்கு நிற்கவில்லை. அப்புறம்தான் நிலவறைக்குப் போய், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், பழைய போர்வைக்கு அடியில் கையை விட்டது. கை நேராக அங்கேதான் போயிற்று. வேறு வழி இல்லாமல் எடுத்தோமா, எடுக்க வேண்டும் என்றுதான் மற்றதையெல்லாம் சரியில்லை என்று கழித்தோமா. பாலங்களைச் சோதிக்கிற எஞ்சினியர் அவர். சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டித் தட்டிக் கேட்பதுதான் பாதி வேலை. நன்றாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் விட்டுப்போயிருந்தால் பொத்தென்று ஒரு சத்தம் வரும். இந்த ஊரின் நானூற்றுச் சொச்சம் பாலங்களில் பாதியைத் தட்டிக் கேட்டிருக்கிறார். தன்னுள்ளே பொத்தென்று ஒலிக்கிற அந்த ஒரு இடத்தை மட்டும் சுத்தியல் படாமல் பார்த்துக்கொண்டார். அந்த நாற்காலி அவருடையது இல்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிற எட் சாபோவினுடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொன்பது வயது, தெருவில் யார் எத்தனை மணிக்கு இருமுகிறார்கள் என்பது வரை ஜன்னல் வழியாகத் தெரிந்து வைத்திருப்பவர். அவருடைய நாற்காலியை நாச்சிமுத்து திருடியிருந்தார்.

திருடினோம் என்று தெரியாமல் திருடியது. அதைத்தான் அவர் தனக்குள் பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார், மேற்கு லிபர்ட்டி சாலையில் இறங்கி டயரில் உப்பு நறநறக்கப் போகும்போது இப்போதும் சொல்லிக்கொண்டார். வந்த முதல் குளிர்காலம். இதே தெருவில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள், இனியாவுக்கு மூன்று மாதம், உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு நாற்காலி இல்லை, வசந்தாமணி சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பாள். அமெரிக்காவில் வேண்டாத சாமானைத் தெருவோரம் வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்படக் கூடாது என்று ஆபீசில் ஒருவர் சொல்லியிருந்தார். டிராமிலிருந்து இறங்கி ஏறி வருகிறார், பனிக்கு நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு நாற்காலி, ஒரு கிழிசல்கூட இல்லாமல். கார் இல்லாதவனுக்குக் கார் நிறுத்தும் இடம் கண்ணில் படுமா. சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டு, யாரோ தனக்காகவே வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு சந்தோஷத்தோடு, மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பாருங்க, இந்த ஊரு நம்மள வான்னு சொல்லுது" என்றாள் வசந்தாமணி, அதில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. மறுநாள் காலையில் சாபோவின் வீட்டுக்கு முன்னால் நின்ற ஒரு கார் முழுக்க, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி, ஐஸால் மூடியிருந்தது. என்ன இயற்கை அதிசயம் என்று படம் பிடித்துக் கோபிச்செட்டிபாளையத்துக்கு அனுப்பினார். இயற்கையாவது. நாற்காலி இல்லாத இடத்தைப் பார்த்து, சாபோவுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் டக், பாவம், தன் வண்டியை விட்டிருக்கிறான். நாற்காலியை எடுத்ததே அவன்தான் என்று சாபோ ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டக் குழாயில் தண்ணீர் அடித்து அதை உறைய வைத்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து ஆபீசில் யாரோ இந்த நாற்காலிப் பழக்கத்தைச் சொல்லிச் சிரித்தபோது, நாச்சிமுத்துவும் கூடச் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே தன் வீட்டிலிருந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. அதுவரை சாபோவும் டக்கும் சேர்ந்து மீன் பிடிக்கப் போகிறவர்கள். அப்புறம் நாலு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. டக் வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவுக்குப் போய்விட்டான். போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை சாபோ வீட்டு வாசல்வரை போனார், கையில் வசந்தாமணி செய்த முறுக்கோடு. முறுக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வருடம் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பது எடுத்ததைவிடப் பெரிய குற்றமாக வளர்ந்துகொண்டே போயிற்று. அப்படியிருக்க இன்றைக்கு அதே நாற்காலியை, அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், பட்டப்பகலில்.

சுரங்கப்பாதை வந்தது. மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் வழுக்கிப் போயின. திரும்பிப் போய் எடுத்துவிடலாமா. எடுத்தால் இடம் போய்விடும், இடம் போனால் பத்தடி போய்விடும். போகட்டும், டல்லாஸ் என்ன கெட்டுப்போயிற்று. இனியா இருக்கிறாள், பனி கிடையாது, அஞ்சு நிமிஷத்தில் முருங்கைக்காய் கிடைக்கும். நியூ ஜெர்சியிலிருந்து சொந்தக்கார ஒறம்பரைகள் இங்கே கோயிலுக்கு வருவார்கள், புளியோதரை சாப்பிடுவார்கள், சாயங்காலமே கிளம்பும்போது, "இந்த ஊர்ல என்னதான் மாப்ள இருக்குது" என்று கேட்பார்கள். என்ன இருக்கிறது. பெரிய ஊர் என்று பெருமைப்பட முடியாது, சின்ன ஊர் என்று சலித்துக்கொள்ளவும் முடியாது. பாதிப் பேர் எப்போதோ வேலை தேடிப் போய்விட, மிச்சமிருக்கிறவர்கள் இல்லாததை வைத்து வழி சொல்லுவார்கள். பழைய பேக்கரி இருந்த இடத்தில் திரும்பு, எரிந்துபோன சர்ச்சைத் தாண்டினதும் இடது பக்கம். வந்த புதிதில் பைத்தியம் பிடிக்கும், இல்லாத பேக்கரியில் எப்படித் திரும்புவது. போன மாதம் ஆபீசில் புதிதாக வந்த பெண்ணுக்கு வழி சொல்லும்போது, "வீடியோ கடை இருந்ததே, அதுக்கு எதிர்ல" என்று தன் வாயிலிருந்தே வந்தது. அவள் விழித்தாள். அவர் அன்றைக்கு முழுக்கக் காரணம் தெரியாமல் சந்தோஷமாக இருந்தார். சுரங்கம் முடிந்தது. எப்போதும் போலவே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாலமும், கீழே சாம்பல் நிற ஆறும், அக்கரையில் வெயில் பட்ட கட்டடங்களும் ஒரேயடியாகக் கண்ணில் வந்து விழுந்தன. ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. ஆயிரத்தோராவது தடவையும் அவருக்கு மூச்சு ஒரு கணம் நின்றது. இதைச் சொல்லலாமோ ஒறம்பரைக்கு. சொன்னால், பாலத்தையா பார்க்கிறாய் என்பார்கள்.

வசந்தாமணி சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு சிவப்புத் தலையணை. இருமினாலோ சிரித்தாலோ நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஆள் பாதியாகிவிட்டாள், மூக்குத்தி மட்டும் அதே அளவில் இருந்தது. "ஏனுங்க, வண்டி நிறுத்த எடம் புடிச்சு வெச்சிருக்கறீங்களா" என்பதுதான் முதல் கேள்வி. "சேர் போட்டிருக்கேன்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா" என்றாள். வண்டியில் ஏற்றி, பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தலையணையை வைத்து, ஒவ்வொரு குழிக்கும் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார். இப்போது அவருக்கு ரோடே தெரியவில்லை, குழிகள் மட்டுமே தெரிந்தன. பாலம் சோதிக்கிற வேலை பார்த்தும் ஊர் ரோட்டில் இத்தனை குழி இருந்தது தெரியாமல் போயிற்றே. சிக்னலில் இடது பக்கம் திரும்ப முதல் ஆளாக நின்றார். பச்சை விழுந்ததும் எதிரே நின்ற லாரிக்காரன் நகராமல், போ என்று இரண்டு விரலை ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிக் காட்டினான். அது இந்த ஊரின் இன்னொரு எழுதாத சட்டம், இடது பக்கம் திரும்புகிற முதல் வண்டிக்கு எதிரே இருக்கிறவன் வழி விடுவான். நாச்சிமுத்து எத்தனையோ பேருக்கு விட்டிருக்கிறார். தனக்கு விட்டால் மட்டும், வேண்டாம், நீ போ என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார், பின்னால் இருக்கிறவர்கள் எரிச்சல்படுவார்கள். இன்றைக்கு அவரும் இரண்டு விரலைத் தூக்கிவிட்டுத் திரும்பினார். "அட" என்றாள் வசந்தாமணி. அப்புறம் சுரங்கப்பாதைக்குள், இருட்டில், "டல்லாசுல இந்த மாதர கொகை இருக்குதுங்களா" என்று கேட்டாள். "மலையிருந்தாத்தான கொகை." "அதுஞ் செரி" என்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்கும் இந்த நாற்காலிக் கதை தெரியாது. ஊர் வான்னு சொல்லுது என்று சொன்னவளிடம், ஊர் சொல்லவில்லை, நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்லியிருக்க முடியும்.

தெருவுக்குள் திரும்பி ஏறும்போது முதலில் வானம்தான் தெரிந்தது. அப்புறம் இரு பக்கமும் பனிச்சுவர். நாற்காலி எங்கே. இருக்க வேண்டிய உயரத்தில் பச்சையும் இல்லை வெள்ளையும் இல்லை. அவ்வளவுதான், போய்விட்டது, யாரோ எடுத்து எறிந்துவிட்டார்கள், என்னைப் போலவே எவனாவது தோளில் மாட்டிக்கொண்டு போயிருப்பான், அதுதான் நியாயமும்கூட, இத்தனை வருடம் கழித்துக் கணக்காக வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் அதை இவள் தலையிலா விடிய வைப்பது, இவள் என்ன செய்தாள், பால்தானே கொடுத்தாள். வண்டி இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே சாபோ. அந்தக் கறுப்புத் தரையின் நட்டநடுவில், அந்த நாற்காலியில், காலை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு காபி பிளாஸ்க்கோடு, கடற்கரையில் வெயில் காய்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்தார். அவசரப்படாமல் நாற்காலியை மடக்கி, நடைபாதைக்கு ஒதுங்கி, இன்னும் வா, இன்னும், போதும் என்று பஸ் டிப்போவில் செய்கிற மாதிரி கையைக் காட்டினார். நாச்சிமுத்து அந்தக் கையை மட்டுமே பார்த்து ஓட்டினார். வண்டி ஒரே தடவையில் உள்ளே போய் நின்றது.

வசந்தாமணி இறங்கினாள். ஒரு கையில் தலையணை, ஒரு கையில் அவர். ஒன்று, இரண்டு என்று அவர் மனசுக்குள் எண்ணினார், அவள் உதடு அசைவதைப் பார்த்தால் அவளும் எண்ணினாள். பத்தில் நின்றாள், மூச்சு வாங்கியது. பின்னாலேயே வந்த சாபோ நாற்காலியை விரித்து வைக்க, அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவள் கை, கண்ணுக்கு முந்தி, நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்து ஓரிடத்தில் நின்றது. இனியாவின் முதல் பல் பதிந்த இடம். "ஏனுங்க, இது நம்ம இனியா சேரல்லங்களா" என்றாள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் சாபோ. அந்தக் கேள்வியில் நாச்சிமுத்துவுக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது. உங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்று சொல்லலாம். வசந்தாமணிக்கு ஆங்கிலம் புரியும், ஆனாலும் களைப்பில் விட்டுவிடுவாள். முறுக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பின மாதிரி திரும்பிவிடலாம். பனி வெயிலில் கண் கூசியது. சுத்தியலைத் தூக்கின பிறகு தட்டாமல் இருப்பது எத்தனை பாரம் என்று கைக்குத் தெரியும். "எங்க நாற்காலிங்கறா" என்றார் ஆங்கிலத்தில், இரண்டு பேருக்கும் புரிகிற மொழியில், மெதுவாக. "எங்களது இல்ல, எட். உங்களது. நான்தான் எடுத்தேன். வந்த புதுசு, சும்மா வெச்சிருக்காங்கன்னு நெனச்சு எடுத்துட்டேன். டக் எடுக்கல. தெரிஞ்ச பிறகும் சொல்லல. அதுதான் தப்பு."

சாபோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். "தெரியும்" என்றார். "பத்தரை மணிக்குத் தெரிஞ்சுது. பின்னால நீல வயர் சுத்தியிருக்கு பாரு, நான் சுத்துனது." நாச்சிமுத்து அந்த வயரைக் குனிந்து பார்த்தார். "அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரம் இந்தக் குளிர்ல உட்கார்ந்திருந்தீங்க?" "சாமான் வண்டி ஒண்ணு வந்து நிறுத்தப் பாத்துது. அப்புறம் ஒரு சிவப்பு வண்டி. வெளியூர்க்காரனுங்க, வெறும் நாற்காலியப் பாத்தா அவனுங்களுக்கு என்ன புரியும், ஆள் வேணும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாற்காலி போட்ட இடம்னா போட்ட இடம், முத்து. யார் நாற்காலிங்கறது வேற விஷயம். அத வேற நாள் பேசிக்கலாம்." டக் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "அவன் கார நான் ஐஸ் கட்டியாக்கிட்டேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "அவன் சத்தியம் பண்ணினான், தெரியுமா? நான் நம்பல." பிறகு நாச்சிமுத்து பக்கம் திரும்பி, "அவன் நம்பர் என்கிட்ட இருக்கு. போன் நான் போட்டுத் தர்றேன், பேச வேண்டியது நீ. அவன் கெட்ட வார்த்தையெல்லாம் முதல்ல நீ வாங்கிக்கோ, மிச்சம் இருந்தா எனக்குக் குடு" என்றார். வசந்தாமணி தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அழுகிறாளா என்று பதறிக் குனிந்தால், சிரிக்கிறாள். "சிரிக்க வெக்க வேண்டாமுன்னு சொல்லுங்க, தையல் இழுக்குது" என்றாள். அப்புறம் தாழ்ந்த குரலில், அவருக்கு மட்டும்: "திருட்டுச் சேர்லயா எம்புள்ளைக்குப் பால் குடுக்க வெச்சீங்க. வூட்டுக்குள்ள வாங்க, உங்களுக்கு இருக்குது." அந்தக் குரலில் பழைய வசந்தாமணி முழுசாக இருந்தாள்.

"அடுத்த பத்தடி" என்று எழுந்தாள். சாபோ நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் போய், வாசற்படிக்குச் சற்று முன்பாக, உப்புத் தூவின இடமாகப் பார்த்து விரித்து, உட்காரும் இடத்தைக் கையால் அமுக்கிப் பார்த்து வைத்தார். அலுமினியக் கால் தரையில் கணீரென்று ஒரு சத்தம் போட்டது. நாச்சிமுத்து அவள் முழங்கையைப் பிடித்திருந்தார், இறுக்கிப் பிடிக்கவும் பயம், விடவும் பயம். ஏழு, எட்டு. அவள் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஒன்பது, பத்து. நாற்காலி வந்துவிட்டது, சாபோ அதை அவள் பக்கமாகத் திருப்பினார். வசந்தாமணி அதைப் பார்த்தாள், மூச்சை இழுத்து விட்டாள், அதைத் தாண்டி இன்னும் இரண்டு அடி நடந்து போய், முதல் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் திரும்பி, இங்கே கொண்டு வந்து போடுங்கள் என்று கையைக் காட்டினாள்.